பானைத் தீவும் படகுக் களமும்

நிகோபார் மக்களிடம் பட்டறை என்று தனிக் கட்டடம் இருந்ததில்லை. ஊரின் கடற்கரையை ஒட்டிய பொதுக்களமே பட்டறையாக இருந்தது. கார் நிகோபாரில் அதற்கு எல்-பனாம் என்று பெயர். ஊர்ப் படகுகள் ஏற்றிவைக்கப்படும் கொட்டகைகள், விருந்தினர் தங்கும் வீடு, பிள்ளைப்பேற்றுக்கான வீடு, சாவு வீடு, இடுகாடு எல்லாம் அந்த மணல்வெளியைச் சுற்றியே அமைந்திருந்தன. பிறப்பும் இறப்பும் நடக்கும் அதே இடத்தில்தான் மரம் செதுக்குவதும் படகைப் பழுது பார்ப்பதும் நடந்தன. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த குடியிருப்பு வீடுகளுக்கும் களத்துக்கும் ஓயாத போக்குவரத்து உண்டு.

வீடுகளும் ஒருவகையில் பட்டறைகளே. தேன்கூட்டைக் கவிழ்த்தது போன்ற வட்டக் கூரை வீட்டை ஆள் உயரத்துக்கும் மேலான மரத்தூண்கள் தாங்கி நிற்கும். அதன் அடியில் பகல் முழுதும் நிழல். பாய் முடைவது, பிரம்பு சீவுவது, தேங்காய் உரிப்பது எல்லாம் அங்கேதான். கூரை வேய ஒரு வீட்டார் மட்டும் போதமாட்டார்கள். ஊரே வரும், பன்றி அறுத்துச் சோறு போடுவார்கள், வேலைக்குக் கூலி கிடையாது. இன்று இவர் வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கு நாளை இவர் போகவேண்டும் என்பதே கணக்கு.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி தூஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பம். பல தலைமுறை உறவினர்கள் சேர்ந்த தூஹெத்துக்கே நிலமும் தென்னையும் பன்றியும் பெரிய படகும் உரிமை. தனியாள் ஒருவர் தன் பொழுதுபோக்குக்காக ஒரு படகு செய்துகொள்வது என்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. மரம் தூஹெத்தின் மரம். செதுக்கும் கைகள் தூஹெத்தின் கைகள். படகும் அப்படியே.

தமிழருக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. 1025 வாக்கில் கடல் கடந்து படையெடுத்த முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிப் பட்டியலைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அடுக்குகிறது. அதில் மாநக்கவாரம் என்று வருவது நிகோபார். பின்னால் 1756இல் டென்மார்க்கு இந்தத் தீவுகளுக்கு உரிமை கோரியபோது, அவற்றை ஆண்டது நம் தரங்கம்பாடியிலிருந்துதான். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவியச் சகோதரர்கள் 1768 முதல் 1787 வரை நன்கௌரித் தீவில் ஒரு சமயப் பணியிடம் நடத்திப் பார்த்து, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். 1868இல் டென்மார்க்கு தன் உரிமையை விட்டுக்கொடுக்க, அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் நன்கௌரித் துறைமுகத்தில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை அமைத்தார்கள். அது 1888 வரை நீடித்தது. அங்கே அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன் ஓய்வு நேரத்தை எழுதிக் குறிப்பெடுப்பதில் செலவிட்டதால்தான் நிகோபாரின் கைத்தொழில்கள் பற்றி இத்தனை விவரம் கிடைக்கிறது. நிகோபார் பானைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1890களில் லண்டனில் மானிடவியல் கழக இதழில் வந்தது.

மேனின் கட்டுரை முழுக்க ஒரே தீவைச் சுற்றி நிற்கிறது. அது சௌரா. கார் நிகோபாருக்குத் தெற்கே, தெரசாவுக்கு வடக்கே கிடக்கும் சின்னத் தட்டை நிலம். பரப்பு சுமார் 8 சதுர கிலோமீட்டர். மக்கள் நெருக்கம் அதிகம், குடிநீர் குறைவு, பெரிய மரம் அரிது. அப்படிப்பட்ட தீவுதான் நிகோபார் முழுமைக்கும் பானை செய்து கொடுத்தது. படகு வாங்குவதென்றாலும் அதன் வழியாகத்தான் வாங்கவேண்டும் என்ற முறையும் இருந்தது. சௌராவுக்குச் சொந்தமாக நல்ல களிமண்கூட இல்லை என்பதுதான் இதில் வியப்பு. பக்கத்துத் தெரசாவிலிருந்து படகில் ஏற்றி வந்தார்கள். மண் ஓரிடத்தில், மரம் வேறிடத்தில், வேலை மட்டும் இங்கே. கைவினையின் வரலாற்றில் மூலப்பொருள் உள்ள இடத்தில் தொழில் வளரும் என்பது பொதுவிதியாகச் சொல்லப்படுவது. சௌரா அதற்கு நேர்மாறு.

பானை வனைவது பெண்களின் வேலை. சக்கரம் கிடையாது. வந்த மண்ணில் கல்லும் கசடும் பொறுக்கி, நுண்மணல் சேர்த்துப் பிசைவார்கள். தரையில் பலகை ஒன்று. அதன்மேல் தென்னை ஓலையை இறுக்கிச் சுற்றிய ஒரு வளையம், நம் வீடுகளில் பானை வைக்கும் பிரிமனை போல. வளையத்தில் ஆழமில்லாத தட்டு ஒன்று அமரும். மண் ஒட்டாமலிருக்கத் தட்டின்மேல் இலை விரிப்பார்கள். அதில் அடிப்பாகத்தை அமுக்கி உருவாக்கிவிட்டு, மண்ணைத் திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். சுழல்வது சக்கரமல்ல, பெண்ணின் கை பானையை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். அளவுகோல் எதுவும் இல்லாமல், கண்ணாலேயே வளைவு பார்த்து எழுப்பிய பானை வீட்டுக்கு அடியில் உள்ள பரணில் ஓரிரு நாள் காயும். பிறகு உட்புறத்தைச் சிப்பியால் சுரண்டி, வெளிப்புறத்தை மூங்கில் சிம்பால் சீவி, ஈரவிரலால் தடவி வழவழப்பாக்குவார்கள்.

சுடுவதில்தான் பலர் சேர்கிறார்கள். சூளை என்று கட்டியது ஒன்றும் இல்லை. உடைந்த பழைய பானை ஓடுகளைத் தரையில் குத்தி நிறுத்தினால் அதுவே புதுப்பானைக்குத் தாங்கு. ஓடுகளுக்கிடையே சாம்பலும் கொட்டாங்கச்சியும் சுள்ளியும். பானையைக் கவிழ்த்து வைத்து, அதன் தலைமேல் சக்கரம் போன்ற ஒரு சட்டத்தை இருத்தி, சுற்றிலும் விறகைச் சாய்த்து நிறுத்துவார்கள். தீ பிடித்ததும் விறகு சரியாமலிருக்க, நுனி கவைத்த நீண்ட கழிகளோடு இரண்டு மூன்று பெண்கள் சுற்றி நின்று முட்டுக் கொடுப்பார்கள். வெந்தபின் அதே கழியால் பானையை எடுத்து மணலில் வைத்து, சூடு ஆறுமுன் இளந்தேங்காய் மட்டையின் கீற்றுகளை அதன்மேல் பதிப்பார்கள். தொட்ட இடமெல்லாம் கறுத்த பட்டை விழும். ஈர மட்டையால் முழுதும் தேய்க்க, செம்பு நிறம் ஏறும். கறுப்பும் செம்புமான அந்தப் பட்டைகளே சௌராப் பானையின் அடையாளம். இரண்டு மூன்று நாளில் அடுப்பில் ஏற்றலாம். தாழம்பழத்தை வேகவைத்துக் கூழாக்கும் நிகோபார்ச் சமையலுக்குப் பெரிய பானை இல்லாமல் முடியாது. விருந்துப் பன்றிக்கும் அப்படியே.

மற்றத் தீவுகளில் யாரும் பானை செய்ததில்லை. கைவராத காரணத்தால் அல்ல. சௌராவுக்கு வெளியே பானை வனைந்தால் வனைந்தவருக்குக் கேடு வரும் என்ற நம்பிக்கை தீவுகள் எங்கும் வேரூன்றியிருந்தது. அப்படி முயன்ற பெண் செத்துப்போனாள் என்ற கதையும் புழங்கியது. சௌராவாசிகள் பெரிய மந்திரவாதிகள் என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. விளைநிலமும் மரமும் போதாத தீவுக்கு உணவும் பொருளும் வந்து சேர இதைவிட உறுதியான உடன்படிக்கை வேறெதுவும் இருந்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எழுத்தில்லாத இடத்தில் காப்புரிமை இப்படித்தான் எழுதப்பட்டது.

உலகின் இன்னொரு கோடியிலும் இதே ஏற்பாடு இருந்தது. நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளின் கூலா வணிகத்தைப் பற்றி மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில் ஆம்ஃப்லெட் தீவுகள் வருகின்றன. பாறையும் சரிவுமான சிறு தீவுகள் அவை. அவற்றின் பெண்கள் பக்கத்துப் பெரிய தீவான ஃபெர்குசனிலிருந்து மண் கொண்டுவந்து பானை செய்தார்கள்; சுற்றுவட்டாரத் தீவுகள் அந்தப் பானைகளையே எதிர்பார்த்திருந்தன. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு கடல்களில் வறிய தீவுகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

படகின் கதை இதைவிடச் சுற்றுவழி. நிகோபாரின் குடைதோணி இன்று ஹோடி என்ற பெயரில் அறியப்படுகிறது. ஒரே மரத்தைக் குடைந்த உடல். ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக் கட்டை. இலங்கையின் தென்கரையிலும் இத்தகைய பக்கமிதவைத் தோணிகள் உண்டு. நிகோபார்த் தோணி மெலிந்து நீண்டது. உடலின் நீளம் அகலத்தைப்போல 12 மடங்கு இருக்கவேண்டும். அதற்காக வெட்டும் மரம் அந்த அகலத்தைப்போல 15 மடங்கு நீளம் இருக்கவேண்டும். மிச்சம் 3 மடங்கு முனைகளைச் சீவுவதிலேயே போய்விடும். எந்தத் தீவில் செய்தது என்பதைப் பொறுத்து வடிவம் சற்றே மாறும்.

வேலை காட்டில் தொடங்கும். மரம் விழுந்த இடத்திலேயே மேலாகக் குடைந்து கனத்தைக் குறைப்பார்கள். இல்லாவிட்டால் கரைக்கு இழுத்துவர முடியாது. இழுப்பதற்கு ஊர் வரும். களத்துக்கு வந்தபின் கோடரிக்கு வேலை குறைந்து வாய்ச்சிக்கு வேலை கூடும். பக்கச் சுவர்கள் மெலிந்ததும் தீ மூட்டி உடலைச் சூடாக்குவார்கள். இளகிய மரத்துக்குள் குறுக்குக் கட்டைகளைக் கொடுத்து விரித்தால், குடைந்த அளவைவிட வாய் அகலும். மொத்த வேலையிலும் ஆபத்தான கட்டம் இதுதான். சூடு குறைந்தால் மரம் விரியாது. கூடினால் வெடிக்கும், மாதக்கணக்கான உழைப்பு விறகாகும். கைதேர்ந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல, இளையவர்கள் தீயைத் தள்ளவும் இழுக்கவும் செய்வார்கள். கற்பதென்றால் அவ்வளவுதான்; வேறு பாடம் கிடையாது. கடைசியில் குறுக்குக் கழிகளையும் மிதவையையும் பிரம்பால் கட்டுவார்கள். ஆணி அடித்தால் அலையில் மரம் பிளக்கும். பிரம்புக் கட்டு நெகிழ்ந்து கொடுக்கும்; தளர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம்.

பெரும் மரங்கள் தெற்குத் தீவுகளிலும் நன்கௌரிப் பக்கத்திலும் இருந்தன. கார் நிகோபாரில் பெரிய தோணிக்கேற்ற மரம் குறைவு. ஆனால் அதிக மக்களும் அதிக தேங்காயும் அங்கேதான். எனவே தெற்கில் செதுக்கிய தோணிகள் சௌராவுக்கு வந்து, அங்கே கை மாறி, வடக்கே கார் நிகோபாருக்குப் போயின. நடுவில் இருந்த சௌரா தன் பங்கைச் சேர்த்துக்கொண்டு விலை சொன்னது. கார் நிகோபார்க்காரர்கள் துணியும் இரும்புச் சாமானும் பன்றியும் கொடுத்துப் பானையும் தோணியும் வாங்கிவந்தார்கள்.

இந்தப் பயணம் சாதாரணமானதல்ல. கார் நிகோபாரின் தென்கரையிலிருந்து சௌராவுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். வழியில் இருக்கும் பாட்டிமால்வ் தீவில் மனிதர் இல்லை. காற்று அடங்கிய மாதங்களில், ஊர்த் தோணிகள் கூட்டாகக் கிளம்பி, இரவில் நட்சத்திரம் பார்த்துத் துடுப்புப் போட்டார்கள். முதன்முறை போகும் இளைஞனுக்குத் தனிச் சடங்குகள் உண்டு. மந்திரவாதிகளின் தீவு அல்லவா? போய்த் திரும்பியவனுக்கு ஊரில் மதிப்பு கூடியது.

சௌராப் பயணங்கள் வழக்கில் இருந்த காலத்துக் கார் நிகோபாரை உடனிருந்து குறித்தவர்களில் ஒருவர் தமிழர். சென்னை மாகாணத்திலிருந்து போன வேதப்பன் சாலமோன் 1895 முதல் கார் நிகோபாரின் மூஸ் ஊரில் சமயப் போதகராகவும் அரசின் முகவராகவும் இருந்து, சிறுவர் பள்ளியும் நடத்தினார். அவருடைய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் லண்டன் மானிடவியல் கழக இதழில் வெளியாயின. ஊரில் நடந்ததை அன்றன்றைக்கு எழுதிவைத்த குறிப்புகள் அவை. பிற்காலத்தில் நிகோபாரின் ஆயராக உயர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் அவர் பள்ளியில் படித்தவர். நிகோபார் ஆய்வுகளில் மேனின் பெயர் அடிக்கடி வருகிறது. சாலமோனின் பெயர் தமிழிலேயே அதிகம் கேட்பதில்லை.

இதே காலத்தில் வடக்கே அந்தமானில் வேறுவகைப் பட்டறைகள் எழுந்துகொண்டிருந்தன. 1858இல் கைதிகளோடு தொடங்கிய போர்ட் பிளேர்க் குடியிருப்பு, ஃபீனிக்ஸ் பேயில் தச்சு, கொல்லு வேலைக்கான கூடங்களையும் 1883இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையையும் நிறுவியது. 1906இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையின் கூடங்களில் கயிறு திரிப்பதும் செக்கிழுப்பதும் நடந்தன. செக்கில் பூட்டப்பட்டவருக்கு ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அங்கேயும் ஒரே கூரையின் கீழ்ப் பலர் வேலை செய்தார்கள், கருவியும் பொது. ஆனால் செய்தவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தருக்கு அருகில் வேபி ஊரை அமைத்த கரேன் மக்கள் தங்கள் தோணி கட்டும் திறமையைக் கூடவே கொண்டுவந்ததால், அந்தமானின் வடபகுதியில் ஒரு சிறு தச்சு மரபு ஊன்றியது.

நிகோபாரில் சுயமாகச் செய்வது குறையத் தொடங்கியது ஒரே நாளில் அல்ல. தேங்காய்க்கும் கொப்பரைக்கும் மாற்றாக வணிகர்கள் கொண்டுவந்த இரும்பு முதலில் கைத்தொழிலுக்கு உதவியது. நல்ல வாய்ச்சி கிடைத்ததும் தோணி விரைவில் முடிந்தது. அடுத்து வந்த அலுமினியப் பாத்திரம் உதவவில்லை. உடையாத, எடை குறைந்த, சீக்கிரம் சூடேறும் பாத்திரத்தோடு சௌராப் பானை போட்டியிட முடியாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆக்கிரமிப்பு. பிறகு அரசுக் கப்பல் போக்குவரத்தும் இயந்திரப் படகும். தீவுகளுக்கிடையே போய்வரத் தோணிதான் வழி என்ற நிலை மாறியதும், சௌராப் பயணத்தின் தேவையும் அச்சமும் ஒன்றாகத் தேய்ந்தன. 1956இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி நிலத்தை வெளியாரிடமிருந்து காத்தது. அதனால் தூஹெத் நிலைத்தது, களமும் நிலைத்தது. பானை ஓய்ந்தாலும் படகு வேலை தொடர்ந்தது. பந்தயத் தோணிக்கு இயந்திரம் மாற்றாக முடியாதே!

2004 டிசம்பர் 26 காலை அந்தக் களமே போயிற்று. நில அதிர்ச்சியில் தீவுகள் பல அடி தாழ்ந்தன; பெரிய நிகோபாரின் தென்முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் இறங்கியது. டிரிங்கெட் தீவு துண்டுகளாகப் பிளந்தது. எல்-பனாம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சுனாமி அலை ஏறியது, ஏனென்றால் அது கடற்கரையில்தான் இருந்தது. படகு, கொட்டகை, தென்னை, பன்றி, கருவி எதுவும் மிஞ்சவில்லை. வேலை தெரிந்த முதியவர்கள் பலரும் போனார்கள். சௌரா மக்கள் அனைவரையும் தெரசாவுக்கு மாற்றினார்கள். மண் எடுக்க மட்டும் போய்வந்த தீவில் அவர்கள் குடியேறிகளாக இருக்க நேர்ந்தது. பின்னர்தான் திரும்பினார்கள்.

நிவாரணம் நிறையவே வந்தது. உயிர் பிழைத்தவர்களில் பலர் கேட்டது வேலைக்கருவிகளை: கோடரி, அரிவாள், ரம்பம் கிடைத்தால் வீட்டையும் தோணியையும் தாங்களே செய்துகொள்வோம் என்று. வந்ததோ தகரக் கொட்டகை. பிறகு பெருநிலப்பரப்பிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த இரும்புச் சட்ட வீடுகள். அவசரத்தில் வேறு வழியில்லை என்று நிர்வாகம் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் தூஹெத்துக்கு ஒன்றாக இருந்த வீடு குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரிந்தது. இழப்பீடும் குடும்பத் தலைவர் பெயருக்கு வந்தது. கூடிச் செய்யும் வேலைக்குக் கைகளைச் சேர்த்துவந்த கணக்கு அதில் அடிபட்டது. தகர வீட்டின் அடியில் நிழலும் இல்லை, உட்கார்ந்து பிரம்பு சீவ இடமும் இல்லை. சுனாமி படகுகளை எடுத்துக்கொண்டது. படகு செய்யும் இடத்தைப் பெரும்பாலும் மீள்கட்டுமானமே எடுத்துக்கொண்டது என்று சொல்வது மிகையாகாது.

நகரங்களில் இப்போது பொதுப் பட்டறைகள் புது மோகமாகப் பரவுகின்றன. கருவிகளை வாங்கி ஒரு கூடத்தில் வைத்து, விரும்பியவர் வந்து விரும்பியதைச் செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொடங்கிய ஃபேப் லேப் வரிசையில் இந்தியாவின் முதல் கூடம் 2002இல் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில், விஞ்ஞான ஆசிரமத்தில் அமைந்தது. லேசர் வெட்டுக் கருவி எல்-பனாமில் இருந்ததில்லைதான். ஆனால் பொதுக் கருவி, பொது இடம், பார்த்துக் கற்கும் இளையவர், கூலியில்லா உதவி ஆகிய நான்கும் அங்கே முன்பே இருந்தன.

கார் நிகோபாரிலும் மற்றத் தீவுகளிலும் தோணி செதுக்குவது மீண்டும் நடக்கிறது. தோணிப் பந்தயங்களும் நடக்கின்றன. சௌராப் பானை அந்த அளவுக்கு மீளவில்லை. சுனாமிக்கு முன்பே அது மெலிந்திருந்தது. நிகோபார் ஹோடிக்குப் புவிசார் குறியீடு கேட்ட விண்ணப்பம் 2023இல் சென்னையில் உள்ள பதிவகத்தின் முன் இருந்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள 12 மடங்குக் கணக்கும், மரத்துக்கான 15 மடங்குக் கணக்கும், வேண்டிய மரத்தைப் பக்கத்துத் தீவில் தேடும் வழக்கமும் அதில் எழுத்தில் ஏறின. தோணியின் உரிமையாளர் யார் என்ற இடத்தில் எந்தத் தனியாளும் இல்லை. ஹோடி தூஹெத்தின் சொத்து என்றே விவரம் சொல்கிறது.